முப்பத்தோராம் தவணை

கலியாண இரவு நாங்கள் என்வலப் பிரித்தோம்.
நுளம்புவலைக்குள் சம்மணமிட்டு
அவன் எண்ண, நான் எழுதினேன்.
ஐந்நூறு, ஆயிரம், வெறும் வாழ்த்துமடல் ஒன்று,
சிலாவத்தைப் பெரியப்பாவின் மீன்வாசமுள்ள ஐயாயிரம்.
"நாலு தவணைக்குக் காணும்" என்றான் சுகிர்தன்.
வெட்கப்பட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடன் எனக்கு முந்தியது.
கொழும்பில் ஒரு தனியார் கம்பஸ்,
கண்ணாடிச் சுவர், மூன்று வருடம்,
கட்டடம் எழும்ப முன்னமே
அதன் செலவைக் கணக்கிடுகிற படிப்பு.
தன் படிப்பின் செலவு மட்டும்
அவன் கணக்குக்குள் அடங்கவில்லை.
பதின்மூன்றில் தொடங்கிய வட்டி
நாடே வரிசையில் நின்ற வருடம்
இருபத்தெட்டில் ஏறிக் குந்திக்கொண்டது.

வங்கி காணி உறுதி கேட்டதாம்.
உறுதி தறப்பாள் பைக்குள் இருந்தது.
பை மாத்தளன் மணலுக்குள் இருக்கிறது.
அதனால் ஆட்களை ஈடு வைத்தார்கள்:
ஒரு தபால்காரர், ஒரு ரீச்சர்.

எனக்கு அறிவியல் நகரில் வேலை.
மணிக்கு அறுபது கொலர்.
ஆறரை பஸ் பொறியியல் பீடத்தைத் தாண்டித்தான் போகும்.
அங்கே படிக்கக் காசு வேண்டாம்.
இசட் புள்ளியில், நாலாம் தசமத்தில்,
அவன் தவறவிட்ட வாசல்.
ஒவ்வொரு விடியலும் அதைக் கடக்கிறேன்.
அவனிடம் சொல்வதில்லை,
அங்கே வாகை பூத்திருக்கிறது என்றுகூட.

சண்டை எப்போதும் தசமபாகத்தில்தான் வரும்.
சம்பளம் வந்த அன்றே
பத்திலொன்றைத் தனி உறைக்குள் வைத்துவிடுவான்.
"கடவுள் வட்டி கேக்கிறேல்லையே,
அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ."
"அவர்தானே தாறவர்."
"தாறது நான். கொலர் தைச்சு."
அன்றைக்குப் புட்டும் சம்பலும்
பேச்சில்லாமலே இறங்கின.
எங்கள் கோயிலில் தவக்காலம் நாற்பது நாள்.
எங்கள் வீட்டில் அது இரண்டு வருடமாக முடியவில்லை.

இருபத்தொன்பதாம் தவணை கட்டவில்லை.
அவன் மேற்பார்த்த வீட்டுத்திட்டம்
அத்திவாரத்தோடு நின்றுபோயிருந்தது,
பதினாறு வீடுகளுக்கான கம்பிகள்
மழையில் துருப்பிடித்தபடி.
ஒரு மாதம்தானே என்றிருந்தோம்.
ரீச்சரின் சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள்.

நெல்சி ரீச்சர்தான் அவன் சபையில் கீபோட் வாசிக்கிறவர்.
அந்த ஞாயிறும் வாசித்தார், ஒரு இடமும் பிசகவில்லை.
ஆராதனை முடிய எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.
குடையை விரித்தார்.
வெயிலுமில்லை, மழையுமில்லை.
மகளின் ரியூசன் நின்றதை
வேறு யாரோதான் எனக்குச் சொன்னார்கள்.

அடுத்த சம்பளத்தில் தனி உறை
சபைக்குப் போகவில்லை.
உருத்திரபுரத்து வாய்க்கால் கட்டால்
சைக்கிளில் கொண்டுபோனான்.
இருட்டித் திரும்பி வந்தவனின் கையெல்லாம்
சங்கிலி கழன்ற கறுப்பு.
வாங்கினாவோ என்று நான் கேட்கவில்லை.
சவர்க்காரம் எடுத்துக் கொடுத்தேன்.

இரவுச் செபம் சேர்ந்தே சொல்வோம்.
எல்லாச் சொல்லும் ஒன்றாய்ப் போகும்,
மன்னிப்புக் கேட்கிற இடம் வரைக்கும்.
அவன் சபையில் அந்த இடத்தில் கடன் என்பார்கள்.
எங்கள் கோயிலில் பாவம் என்போம்.
கலியாணமான நாள் தொட்டு
அந்த ஒரு சொல்லில் முட்டுப்பட்டு
ஆமெனில் வந்து சேருகிறவர்கள் நாங்கள்.

அன்றைக்கு, அவனுக்காக, நான் கடன் என்றேன்.
அதே மூச்சில் அவன் பாவம் என்றான்.

திரும்பவும் முட்டுப்பட்டோம்.
இருட்டில் யார் முதலில் சிரித்தது என்று தெரியாது,
வலை குலுங்கியது.
பிறகு அவன் சிரிப்பை நிறுத்தவில்லை என்று நினைத்து
முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
ஈரம்.

முப்பத்தோராவது நாளைக்கு.
பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்ட
ஒரு பிடி சோற்றை
எடுத்து வைத்திருக்கிறேன்.